விலைக்கு வாங்கிய துரு

நான் சலவைக்கடை நடத்துகிறேன். ஊரார் அழுக்கை எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. என் கணவரோ அழுக்கைத் தேடித் தேடி, சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் வாங்கி, அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். புட்டிகளின் மேல் பெயர் வேறு ஒட்டியிருக்கும்: பழந்துரு, இளந்துரு, காய்ந்த சேறு, ஈரச் சேறு, எஞ்சின் கசிவு, புகைக்கரி. வாசலில் செருப்பைக் கழற்றித் தட்டினால் கிடைக்கிற பொருளை ஒரு மனிதர் தபாலில் வரவழைக்கிறார் என்றால் அவரைப் பற்றி நான் என்ன நினைக்க வேண்டும்? அதைத்தான் நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் செய்வது மாதிரி வண்டிகள். கார், லாரி, டேங்கர், ராணுவ டிரக் எல்லாம், நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. பெட்டியில் பிளாஸ்டிக் சட்டங்களாக வரும். ஒவ்வொரு உறுப்பையும் கத்தரித்து, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, சாண் நீளத்துக்கு ஒரு வண்டியை எழுப்ப அவருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதைப் பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் நான் அடிக்கடி சொல்வேன்.

தொழிலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவர். நிஜ வண்டி ஓட்ட மட்டும் வராது. ஒரு முறை கற்றுக்கொள்ளப் போனார். பயிற்சிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பதமாகச் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுக் கேட்டையே இடித்துவிட்டு, இறங்கி வந்து, "கிளட்ச் சரியில்ல" என்றார். அன்றோடு சரி. அதற்கப்புறம் எங்கே போவதென்றாலும் நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற லாரியின் சேற்றுத் தட்டியில் கறை எந்த வாக்கில் வழிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மாதிரி வண்டிக் கழகம் எங்கள் கூடத்தில் கூடும். எல்லாம் வளர்ந்த ஆண்கள். வழுக்கையும் தொந்தியுமாக வந்து உட்கார்ந்து, ஒரு துக்கடாச் சக்கரத்தைக் கைக்குக் கை மாற்றி உச்சுக் கொட்டுவார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆணி என்று பட்டப்பெயர். எந்த வண்டியை முன்னால் வைத்தாலும் அதில் எத்தனை ஆணித்தலை இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்வார். வேறு பேச்சு அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. இன்னொருவர் பெட்டி. வீடு கொள்ளாமல் மாதிரிப் பெட்டிகளை வாங்கி அடுக்கியிருக்கிறார், ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. அவர் மனைவி தன் வீட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் நடக்கிறாளாம். மூன்றாமவர் பல் டாக்டர். பல் குடைகிற கருவியாலேயே எஞ்சினையும் குடைகிறவர். கழகத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் எப்போதும் முதல் பரிசு அவருக்கு, இரண்டாம் பரிசு என் கணவருக்கு. இரண்டாம் பரிசு வாங்கிய அன்று என் கணவர் வீட்டில் சாப்பிட மாட்டார். நானும் எடுத்து வைக்க மாட்டேன்.

இவர்களுடைய ரசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பளபளவென்று ஒரு வண்டி செய்து வைத்தால் இவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. துருப்பிடித்திருக்க வேண்டும், நசுங்கியிருக்க வேண்டும், சேறு அப்பியிருக்க வேண்டும். எந்த அளவுக்கு நாசமாகியிருக்கிறதோ அந்த அளவுக்கு மார்க்.

"புது வண்டிய யார் வேணும்னாலும் செஞ்சிடலாம்," என்று பல் டாக்டர் ஒருநாள் என் டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினார். "ஒரு வண்டி எப்படிச் சாகுதுன்னு காட்டணும். அதுதாங்க கலை."

"உங்ககிட்ட வர்ற பல்லுக்கும் இதே சட்டமா டாக்டர்?" என்று கேட்டேன். என் கணவர் என்னை உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

துரு வரவழைக்க அவர்களிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. முதலில் வண்டி முழுவதும் துரு நிறத்தை அடித்துக் காய வைப்பார்கள். அதன் மேல், பெண்கள் கொண்டை கலையாமல் இருக்க அடித்துக்கொள்கிற ஸ்பிரேயை அடிப்பார்கள். அதற்கும் மேல் வண்டியின் நிஜ நிறம். காய்ந்த பிறகு பார்த்தால் புது வண்டி மாதிரியே இருக்கும். பிறகு ஈரத் தூரிகையால் ஆங்காங்கே தொட வேண்டும். ஈரம் பட்ட இடத்தில் நடுவிலிருக்கிற ஸ்பிரே கரைந்து, மேல் நிறம் சிம்பு சிம்பாக உரிந்து, அடியிலிருக்கிற துரு தெரியும். என் கணவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அவர் போய் அந்த ஸ்பிரேயை டப்பா டப்பாவாக வாங்கி வருவதைப் பார்த்துக் கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

இத்தனையும் என்னால் சகித்துக்கொள்ள முடிந்தது. ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையை எப்படிப் பாழாக்கினால் எனக்கென்ன? அலமாரியில் தூசி படியாமல் ஒவ்வொரு வண்டியையும் ஓவியத் தூரிகையால் தட்டி வைக்கிற வேலையைக்கூட நான்தான் செய்து வந்தேன். சேறு பூசிய வண்டியின் மேல் நிஜத் தூசி படிந்தால் அவருக்கு ஆகாது.

என் அப்பாவின் லாரியில் அவர் கை வைத்தபோதுதான் கதை வேறாயிற்று.

அப்பா லாரி வைத்து ஓட்டியவர். சொந்த வண்டி, நீல வண்டி. ஏற்றியது செங்கல்லும் ஜல்லியும். ஆனால் அந்த வண்டியைப் பார்த்தால் பால் வண்டி என்று நினைப்பார்கள். காலையில் தான் பல் துலக்குவதற்கு முன்னால் வண்டியைக் கழுவுவார். அடக்கமான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். வாய்த்துடுக்கும் வீம்பும் கொண்டவர். அடுத்தவன் வண்டியில் சேறு இருந்தால் நிறுத்தி வைத்துத் திட்டுவார். ஒரு முறை சரக்குக்கார முதலாளி வண்டியோடு படம் எடுத்துக்கொள்ளக் காமிராவும் கையுமாக வந்து நின்றார். மழையில் மண்பாதையில் வந்த வண்டி. "வண்டி அழுக்கா இருக்கு, எடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அப்பா வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். முதலாளி வெயிலில் நின்று காத்திருந்துதான் படம் எடுத்தார். அப்பாவிடம் இருக்கிற வண்டிப் படங்கள் எல்லாவற்றிலும் தரை ஈரமாகத்தான் இருக்கும்.

முழங்கால் இரண்டும் போய், பிரேக்கை மிதிக்க முடியாமல் ஆன பிறகு வண்டியை விற்றார். அம்மா ஏற்கெனவே இல்லை. என்னோடு வந்து பின்னறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடுறீங்களா என்றால் தலையாட்டுவார். திட்டவாவது செய்யுங்களேன் என்று நானே வலியப் போய் வம்பு இழுத்துப் பார்த்தேன், பயனில்லை. திட்டாத அப்பாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் என் கணவர் ஒரு மாலை பென்சிலும் தாளுமாகப் பின்னறைக்குள் போனார்.

"மாமா, உங்க லாரிய அப்படியே செய்யலாம்னு இருக்கேன். கொஞ்சம் விவரம் சொல்றீங்களா?"

அப்பா ஏறிட்டுப் பார்த்தார். "சொப்பு மாதிரியா?"

"சொப்பு இல்ல மாமா. அளவு மாறாம. ஒரு ஆணி விடாம."

"உங்களால முடியாது," என்றார் அப்பா. பல நாளுக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். அப்புறம் அடைமழைதான்.

தினமும் மாலையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கக் கண்ணாடியின் கம்பி எந்தக் கோணத்தில் வளைந்திருந்தது, டீசல் டாங்கின் மூடியில் எத்தனை வரி, எந்தப் போல்ட்டை மட்டும் வேறு அளவில் மாற்றிப் போட்டார், எல்லாம் அப்பாவின் விரல் நுனியில் இருந்தது. இருக்கைக்கு அம்மா தைத்துப் போட்ட பச்சைக் கட்டம் போட்ட உறையின் கட்டம் எத்தனை விரல் அகலம் என்பது வரை சொன்னார். தப்பாக வரைந்தால் பென்சிலைப் பிடுங்கித் தானே வரைந்தார். "கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க, ஆனா கண்ணு மட்டும் இல்ல மாப்ள," என்று திட்டினார். அந்தத் திட்டைச் சமையலறையில் அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்டேன். இவரைப் போய் இத்தனை நாள் மட்டமாக நினைத்தோமே என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், பல நிமிடம் தோன்றியது. அந்த மாதம் அவர் வண்டிகளைத் தூசி தட்டும்போது நான் எதையும் முணுமுணுக்கவில்லை.

ஆனாலும் ஆளைத் தெரியும் என்பதால் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். "என்னங்க, அப்பா வண்டியில ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஒருநாள் சலவைத் துணியை எடுத்து வைக்க மாடிக்குப் போனபோது அவர் அறைக் கதவு திறந்திருந்தது. காயவைக்கிற கம்பியில் லாரியின் முன்கூடு மாட்டியிருந்தது. அதே நீலம். அப்பா சொல்லிச் சொல்லி, எட்டுத் தடவை கலக்கி வந்த நீலம். ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை, ஜன்னல் வெளிச்சம் அதில் வழுக்கி விழுந்தது. கீழே ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"இப்பதான் கழுவின மாதிரி இருக்குப்பா."

அப்பா சட்டைக் காலரை நீவி விட்டுக்கொண்டார். மறுநாள் அந்த அறைக் குப்பைக்கூடையில் காலியான கொண்டை ஸ்பிரே டப்பா கிடந்தது. எடுத்துக் கொட்டியவள் நான்தான். கொட்டும்போது என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

வண்டியை முடித்து, கண்காட்சி நாள் வரை யாரும் பார்க்கக் கூடாது என்று மூடி போட்ட பெட்டியில் வைத்துவிட்டார். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட வைத்தார். "கூட்டம் வருமா? படமெல்லாம் எடுப்பாங்களா?" என்று கேட்டார். எடுப்பார்கள் என்றேன். வெள்ளைத் துணி ஒன்றை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி வைத்திருந்த காலத்துப் பழக்கம் அது. துணியில்லாமல் அவர் வீட்டை விட்டு வெளியே கிளம்பியதே இல்லை.

ஒரு பள்ளிக்கூட அரங்கில் கண்காட்சி. நீள மேசைகள், மேலே விரிப்பு, எங்கு பார்த்தாலும் தொடாதீர்கள் பலகை. நடுவர்கள் டார்ச்சும் உருப்பெருக்கியுமாக, வண்டிகளின் அடிவயிற்றைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். நிஜ வாழ்க்கையில் ஒரு வண்டிக்கு அடியிலும் படுத்தறியாதவர்கள். பல் டாக்டர் இந்த முறை எரிந்துபோன பஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பெட்டி வழக்கம்போல் பிரிக்காத பெட்டியோடு வந்திருந்தார்.

என் கணவர் எங்களைத் தன் மேசைக்கு அழைத்துப் போனார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

மேசையில் ஒரு துண்டுப் புல்தரை. அதில் அந்த லாரி கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முன் சக்கரம் ஒன்று இல்லை. முன்கூட்டின் கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. கூரையில் பாதியைத் துரு தின்றிருந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து களை முளைத்து வெளியே தலை நீட்டியது. பின்பலகையே இல்லை, பிடுங்கிப் போட்டுப் போன மாதிரி வெறும் ஓட்டை. உள்ளே அம்மா தைத்த பச்சைக் கட்டம் போட்ட உறை, கட்டம் பிசகாமல் முடியளவுத் தூரிகையால் வரைந்த உறை, நடுவில் கிழிந்து மஞ்சள் பஞ்சு பிதுங்கிக்கொண்டு நின்றது. ஒற்றை ஆணியில் தொங்கிய நம்பர் பலகையில் அப்பா வண்டியின் அதே நம்பர். முன்னால் ஓர் அட்டை: 'கைவிடப்பட்டது.'

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு வண்டி?"

"உங்க வண்டிதான் மாமா. நம்பர் பாருங்க. ஒரு போல்ட்டு மாறல." என் கணவரின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

அப்பா அட்டையைப் படித்தார். "நான் எப்ப கைவிட்டேன்?"

"நீங்க இல்ல மாமா. இது ஒரு கற்பனை. வித்ததுக்கப்புறம் வாங்கினவன் இப்படி எங்கயாவது விட்டிருப்பான் இல்ல? அந்தச் சோகம் பார்க்கிறவங்களுக்குப் புரியணும். இந்தக் கூரை இருக்கே, இதுக்கு மட்டும் துரு நாலு வகை பூசியிருக்கேன்."

இந்த மனிதர் எத்தனை மாலைகள் அப்பாவின் எதிரே உட்கார்ந்திருந்தார்! எத்தனை தாள் எழுதினார்! அப்பா ஒரு போல்ட்டுக்காக அடித்துக்கொண்டதை எல்லாம் கேட்டு, தலையாட்டி, அளவெடுத்து, அத்தனையையும் அச்சு அசலாகச் செய்து, பிறகு அதை நாசம் செய்திருக்கிறார். கோபமென்று சொன்னால் போதாது. அந்தக் கணம் எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற மாதிரி.

அப்பா பையிலிருந்து துணியை எடுத்தார். என் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, துணியை நனைத்துப் பிழிந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது எனக்கு ஒரு நொடி முன்னதாகவே புரிந்துவிட்டது. புரிந்தும் நான் தடுக்கவில்லை. தொடாதீர்கள் பலகையை நகர்த்தி வைத்துவிட்டு, வண்டியின் முன்மூடியில் ஒட்டியிருந்த சேற்றை அப்பா துடைத்தார்.

சேறு வந்தது. அதோடு நீலமும் வந்தது. துடைத்த இடம் முழுவதும் துரு.

அப்பா துணியைத் திருப்பிப் பார்த்தார். துணியில் நீலம். வேறு பக்கமாக மடித்து, கதவைத் துடைத்தார். கதவிலிருந்த நீலமும் சிம்பு சிம்பாக உரிந்து, அங்கேயும் துரு. தான் சரியாகத் துடைக்கவில்லை என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் நனைத்து, இன்னும் அழுத்தித் துடைத்தார். ஆயுள் முழுக்க வண்டி துடைத்த கை அது. துடைத்தால் அழுக்குப் போகும் என்பதைத் தவிர அந்தக் கைக்கு வேறொன்றும் தெரியாது. துடைக்கத் துடைக்கத் துரு பரவிக்கொண்டே போயிற்று.

"ஐயோ மாமா! மாமா, தண்ணி படக் கூடாது!" என் கணவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தவித்தார். அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கவும் பயம், வண்டி உடைந்துவிடும்.

"மேல காப்புப் பூச்சு அடிக்கலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நடுவர்கள் மூவரும் வந்து நின்றிருந்தார்கள். ஆணியும் அவர்களில் ஒருவர்.

"அடிச்சா தூசி நிறம் செத்துடும்னு விட்டுட்டேன் சார்," என்றார் என் கணவர் அழாக்குறையாக.

ஆணி உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தார். மற்ற இரண்டு நடுவர்களும் டார்ச்சை அடித்தார்கள். அப்பா துணியோடு நிமிர்ந்து ஒதுங்கி நின்றார்.

"அடடா," என்றார் ஆணி. நான் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் எண்ணில்லாத சொல். "இந்த முன்மூடிய பாருங்க. விரல் வாக்குல உரிஞ்சிருக்கு. தூரிகையால இப்படி வரவே வராது. நிஜமாவே ஒருத்தர் துடைச்சுத் துடைச்சுத் தேஞ்ச மாதிரி இருக்கு!"

"நிஜமாவே ஒருத்தர்தாங்க துடைச்சாரு," என்றேன்.

யாரும் காதில் வாங்கவில்லை. பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் எரிந்த பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் கணவரின் முகமோ அழுகையிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து, இளிப்புக்கு வந்து சேர்ந்தது. அந்த மாற்றத்தை நான் பக்கத்தில் நின்று முழுவதும் பார்த்தேன். சாகும்வரை மறக்க மாட்டேன்.

முதல் பரிசு அவருக்குத்தான். மேசைக்கே கொண்டுவந்து கோப்பையைக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். கழகத்துக்குப் படம் எடுக்கிறவர் வந்து, என் கணவரைக் கோப்பையோடு ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, "பெரியவர்தானே வண்டிக்கு நிஜ ஓனர்? ஐயா, நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க," என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா அசையவில்லை. நீலமான துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி அழுக்கா இருக்கு," என்றார். "எடுக்காதீங்க."

படக்காரர் காமிராவைத் தாழ்த்தினார். கொஞ்சமாவது வெட்கம் இருந்தது அவருக்கு.

"அவர் அப்படித்தாங்க சொல்வாரு, நீங்க எடுங்க," என்றார் என் கணவர்.

எடுத்தார்கள். அந்தப் படம் இப்போது மாடி அறையில் மாட்டியிருக்கிறது. கோப்பையைக் கட்டிக்கொண்டு என் கணவர் பல்லைக் காட்டுகிறார், முன்னால் லாரி கிடக்கிறது, ஓரத்தில் துணியைப் பிடித்த ஒரு கை மட்டும் பாதி தெரிகிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். அப்பா பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நீயும் புரிஞ்சுக்கலன்னா எப்படி?" என்றார் மடியில் கோப்பையோடு. "பளபளன்னு வெச்சிருந்தா ரெண்டாவதுகூட வந்திருக்காது."

பதிலில் குறை ஒன்றுமில்லை. எல்லாம் அதிலேயே இருந்தது.

அன்றிலிருந்து அவர் அறைக்குள் நான் தூசி தட்டப் போவதில்லை. துருவை அழகு என்கிறவருக்குத் தூசியும் அழகாகத்தான் இருக்க வேண்டும். இப்போது அலமாரி முழுவதும் ஓசியிலேயே அழுக்காகிக்கொண்டிருக்கிறது. அவர் என்னிடம் கேட்கவும் துணியவில்லை, தானே செய்யவும் தெரியவில்லை. ஒருநாள் தும்மிக்கொண்டே இறங்கி வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பழையபடி பின்னறைக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்குத் தலையாட்டுகிறார். நான் உப்பில்லாமல் குழம்பு வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். முன்பு பேசாமல் இருந்தபோது வண்டி போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது துக்கம் போலவும் தெரியவில்லை. யாரோ வீட்டுக்குள் வந்து எதையோ அளந்துகொண்டு போன பிறகு ஒருவர் கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் கழகம் கூடியது. டீயை நான் போட்டுக்கொடுக்கவில்லை. கடையில் வாங்கி வந்து குடித்தார்கள். பல் டாக்டர்தான் அந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்: அதே லாரியைப் புத்தம் புதிதாக இன்னொன்று செய்து, பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஜோடியாகப் பெரிய போட்டிக்கு அனுப்பலாம். 'அன்றும் இன்றும்.' அவர்கள் போன கையோடு என் கணவர் பென்சிலும் தாளுமாகப் பின்னறைக்கு வந்துவிட்டார். அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்க வண்டிய இப்ப புதுசா, நீங்க ஆசைப்பட்ட மாதிரியே, கழுவி நிறுத்தின மாதிரி செய்யப் போறேன்."

அப்பா டீயை ஆற்றினார்.

"ஒரே ஒரு விஷயம்தான் இடிக்குது. அதுல பின்பலகைய பிடுங்கிட்டதால நான் கேட்டு வெச்சுக்கல. உங்க படம் எல்லாம் முன்பக்கமாவே இருக்கு. பின்பலகையில ஏதோ எழுதியிருந்தீங்களாமே. என்ன எழுதியிருந்துச்சு? எந்த நிறத்துல?"

அப்பா நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். வேறு அளவில் மாற்றிப் போட்ட ஒற்றை போல்ட்டை ஞாபகம் வைத்திருந்தவர் அவர். டாங்க் மூடியின் வரிகளை எண்ணிச் சொன்னவர்.

"ஞாபகம் இல்ல மாப்ள," என்றார்.

என் கணவர் கொஞ்ச நேரம் பென்சிலைத் தாளின் மேலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீ சின்ன வயசுல பார்த்திருப்பியே. உனக்காவது தெரியுமா?"

எனக்கா தெரியாது? அப்பா அதை எழுதும்போது பெயிண்ட் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளே நான்தான். ஓரத்துக் கோடு என்ன நிறம், எழுத்து என்ன நிறம், கடைசி எழுத்தில் சொட்டிய பெயிண்டைத் துடைத்துவிட்டு அப்பா என் மூக்கில் எப்படித் தடவினார் என்பது வரைக்கும் தெரியும். என்ன எழுதியிருந்தது என்று உங்களிடமும் சொல்வதாக இல்லை.

திரையின் கடைசிக் கொக்கியை மாட்டி, மடிப்பை இழுத்து நேராக்கினேன்.

"தெரியாது," என்றேன்.